நாளுக்கு முந்நூற்று எழுபது லிட்டர்

அத்தியாயம் 9

போன வாரம் லிட்டரை அவர் வீட்டு வாசலில், மீட்டர் பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு வந்தோம். பத்து நாள் சுற்றுலா முடிந்து அப்போதுதான் வேனிலிருந்து இறங்கியிருந்தார். பெட்டிகளைக்கூட உள்ளே கொண்டுபோகவில்லை. கிளம்பும்போது குறித்துவைத்த எண்ணையும் மீட்டர் காட்டிய எண்ணையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டிக் கிடந்த வீட்டில் நாலாயிரத்து நூற்றெண்பது லிட்டர் தண்ணீர் செலவாகியிருந்தது.

லிட்டர் என்பது பணிமனையில் வைத்த பட்டப்பெயர். தண்ணீர் மீட்டர்களைப் பிரித்து, சுத்தம் செய்து, சோதித்து அனுப்பும் வேலையில் முப்பத்து நாலு வருடம் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு வீட்டு மீட்டரையே பொழுதுபோக்காக ஆக்கிக்கொண்டார். தினமும் காலை ஆறு மணிக்கு எண்ணைக் குறித்துவிடுவார்.

"ஊர்ல எல்லாரும் பேப்பர் படிக்கிறாங்க, இவர் மீட்டர் படிக்கிறார்" என்பாள் மனைவி. அவள் முப்பது வருடம் பூகோளம் நடத்திய டீச்சர். வரைபடத்தில் குச்சியால் தொட்ட இடங்களை ஓய்வுக்குப் பிறகு காலால் தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பியவள். இன்னும் ஒன்பது நாளில் கப்பல் பயணம். பெயர் கொடுத்தாகிவிட்டது. புதுச் செருப்புகூட வாங்கிவிட்டாள்.

அந்தக் கப்பலைத்தான் மகன் நிறுத்தப் பார்த்தான்.

"அப்பாவுக்கு மறதி ஆரம்பிச்சிடுச்சும்மா. எண்ணைத் தப்பா எழுதிட்டு, யாரோ வந்து குளிச்சிட்டுப் போன மாதிரி பேசுறார். நாளைக்கு நாலு மணிக்கு டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கேன். அவர் சரின்னு சொல்ற வரைக்கும் கப்பலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பேசாம ரெண்டு பேரும் எங்க வீட்டுக்கு வந்துடுங்க." வந்து இறங்கிய கையோடு போனில் இவ்வளவும் சொல்லிவிட்டான்.

தண்ணீர் எங்கே போனது என்பது ஒரு கேள்வி. தன் தலை சரியாக இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. லிட்டரை இரண்டாவதுதான் உறுத்தியது.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கே சோதனையை ஆரம்பித்துவிட்டார்.

தண்ணீர் மீட்டர் எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் இந்தக் கதையின் பாதி பயம் உங்களுக்கும் புரிந்துவிடும். உள்ளே சின்னதாக ஒரு காற்றாடி இருக்கிறது. தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. அது சுற்றுவதைப் பல்சக்கரங்கள் எண்ணாக மாற்றுகின்றன. கறுப்பு எண்கள் ஆயிரம் லிட்டர் கணக்கு; சிவப்பு எண்கள் லிட்டர் கணக்கு. எண்களுக்குக் கீழே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சிவப்பு நட்சத்திரம். வீட்டில் எந்தக் குழாய் சொட்டினாலும் அது அசைந்துவிடும். நட்சத்திரம் நின்றால் வீடு முழுக்கத் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். இந்த வீட்டில் மேல்தொட்டிகூட இல்லை. தெருக்குழாய், வால்வு, மீட்டர், வீட்டுக்குழாய், அவ்வளவுதான். தண்ணீர் ஒளிந்துகொள்ள இடமே இல்லாத வீடு.

எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு அரை மணி நேரம் நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மயிரிழைகூட நகரவில்லை. கசிவு இல்லை.

பத்து லிட்டர் வாளியை அடையாளக் கோடு வரை பிடித்தார். மீட்டர் சரியாகப் பத்து ஏறியது. மீட்டரும் பொய் சொல்லவில்லை.

"என்னங்க, கழிவறைத் தொட்டியில யாரு நீல மை ஊத்தினது?" உள்ளேயிருந்து டீச்சரின் குரல்.

"நான்தான். கீழ பீங்கான்ல நீலம் இறங்குதா பாரு."

"இறங்கல. வெள்ளையாத்தான் இருக்கு."

"அப்போ அதுவும் ஒழுகல."

"நல்லவேளை. சிவப்பு மையா இருந்திருந்தா நான் இந்நேரம் அலறியிருப்பேன்."

டீச்சர் கையைக் கழுவிவிட்டுக் குழாயை மூடினாள். பிறகு மறுபடி லேசாகத் திறந்து இன்னொரு தரம் மூடினாள். விடைத்தாளில் மதிப்பெண்ணை இரண்டு முறை கூட்டிப் பார்த்துப் பழகிய கை அது. கதவைப் பூட்டினாலும் திறந்து பூட்டுவாள். கல்யாணமான புதிதில் லிட்டர் அதைக் கேலி செய்ததுண்டு. இப்போது அந்த இரண்டாவது மூடல் காதில் விழாவிட்டால்தான் அவருக்கு என்னவோ போலிருக்கும்.

"எண்ணைத் தப்பா எழுதியிருக்க வாய்ப்பே இல்ல டீச்சர்" என்றார் வெளியே வந்தவளிடம். "பணிமனையில ஒரு பழக்கம். எண்ணை ஒரு தடவை முன்னாலிருந்து சத்தமா படிக்கணும். அப்புறம் பின்னாலிருந்து படிக்கணும். ரெண்டும் ஒத்துப்போனாத்தான் பேனாவையே எடுக்கணும். கிளம்புற அன்னைக்கும் அப்படித்தான் எழுதினேன்."

"எழுதினீங்க. சரி. வால்வை மூடினீங்களா?"

"மூடினேன். ஏழு சுத்து. நீ பார்க்கலையா?"

"நான் கேட்டுக்கு வெளிய பெட்டியை எண்ணிட்டு இருந்தேன்." அவள் குரல் கொஞ்சம் தணிந்தது. "பார்க்கலங்க."

அதுதான் அவரை வாட்டியது. ஊருக்குக் கிளம்பும்போது வால்வை மூடுவது அவர் வழக்கம். இந்த முறையும் மூடியதாக நோட்டில் எழுதியிருக்கிறார். நேற்று வந்து பார்த்தபோதும் மூடித்தான் இருந்தது. ஆனால் மூடியிருந்த விதம் சரியில்லை. வால்வின் உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. பலம் கொடுத்து முறுக்கினால் அது அறுந்துவிடும். அதனால் மீட்டர்காரர்கள் இரண்டே விரலால்தான் மூடுவார்கள். நேற்று அதைத் திறக்க அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"அது என் கை மூடினது இல்ல" என்றார்.

டீச்சர் புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே மீட்டர் பெட்டியைப் பார்த்தாள். துடைத்து முடித்த கையையும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மகன் பதினொரு மணிக்கு வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் அடையாள அட்டை, தோளில் பை.

"லீவு கிடைச்சுதா?" என்றாள் டீச்சர்.

"கேட்டதும் குடுத்துட்டாங்க."

சாப்பாடு முடியும் வரை யாரும் விஷயத்தை எடுக்கவில்லை. பிறகு டீ போட்டு, மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். லிட்டர் தன் சோதனைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். வாளி, மை, நட்சத்திரம். மகன் டீயைக் குடிக்காமல் கோப்பையை உருட்டிக்கொண்டிருந்தான்.

"அப்பா, இவ்வளவு சோதனை எதுக்கு? வயசானா மறதி வரும். அதுல என்ன வெட்கம்?"

"மறதின்னா ஒத்துக்கிறேன்டா. எதை மறந்தேன்னு சொல்லு."

"வால்வைத்தான். மூடினேன் மூடினேன்னு சாதிக்கிறீங்களே, நீங்க மூடவே இல்லப்பா. திறந்துதானே கிடந்தது!"

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. கோப்பை கையிலேயே நின்றுவிட்டது.

லிட்டர் அவனிடம் சொன்னதெல்லாம், வால்வு முறுக்கி மூடிக் கிடந்தது என்பதுதான். திறந்து கிடந்ததாக இந்த வீட்டில் யாரும் எப்போதும் சொல்லவில்லை.

"எப்போடா பார்த்த?" என்றாள் டீச்சர். முப்பது வருடம் கடைசி பெஞ்சு வரை எட்டிய குரல் அது. சத்தமே இல்லாமல் எட்டியது.

அவன் கழுத்து அட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"எனக்கு வேலை போயிடுச்சும்மா. நாலு மாசமாச்சு. என் பொண்டாட்டிகிட்டகூட சொல்லல. தினமும் சட்டை போட்டுக்கிட்டுக் கிளம்பி, நூலகம், பூங்கான்னு உக்காந்துட்டு சாயந்திரம் திரும்பிடுவேன். நீங்க ஊருக்குப் போனதும், என்கிட்டதான் இன்னொரு சாவி இருக்கே..." அவன் தரையைப் பார்த்தான். "ஒன்பது மணிக்கு வருவேன், அஞ்சு மணிக்குப் போவேன். எட்டு நாள். நேத்து போகும்போது வால்வு திறந்திருக்கே, அப்பா பார்த்தா மனசு கஷ்டப்படுவாரேன்னு நான்தான் மூடினேன்."

"நல்லா முறுக்கினே" என்றார் லிட்டர்.

"நான் செலவழிச்ச கொஞ்சத் தண்ணி மீட்டர்ல தெரியும்னு தோணவே இல்ல. நேத்து நீங்க போன்ல சொன்னதும் பயந்துட்டேன். மறதின்னு சொல்லிட்டா விஷயம் அதோட அமுங்கிடும்னு..."

"உன் வேலை போனதை மறைக்க அவர் மூளையையா பலி குடுப்ப?" டீச்சர் எழுந்துவிட்டாள். "ராத்திரி முழுக்க மனுஷன் தூங்கல தெரியுமா? தன் பேர், பிறந்த நாள், பணிமனை ஆளுங்க பேர்னு ஒவ்வொண்ணா சொல்லிப் பார்த்துட்டுப் படுத்திருந்தார்."

மகன் அழுதான். வளர்ந்த ஆண் அழுவதைப் பார்க்கக் கூச்சப்பட்டோ என்னவோ, லிட்டர் எழுந்துபோய் நோட்டை எடுத்துவந்தார். கோபம் வந்தாலும் துக்கம் வந்தாலும் அவருக்குக் கணக்குதான் கைகொடுக்கும்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழிவறைக்குப் போன?"

"அப்பா!"

"சொல்லுடா. டாக்டர் கேட்டா சொல்லுவல்ல?"

"நாலு... நாலு தடவை."

"தடவைக்கு ஒன்பது லிட்டர். முப்பத்தாறு. கை, முகம் கழுவ ஒரு பத்து. டீ போட, கப் கழுவ நாலு. சாப்பாட்டு டப்பா கழுவ?"

"கழுவினேன்."

"அதுக்கு ஒரு பத்து. ஆக அறுபது. எட்டு நாளைக்கு நானூத்தி எண்பது. குளிச்சியா? துணி துவைச்சியா?"

"இல்லப்பா. தூங்குவேன். இல்லாட்டி ஜன்னல் வழியா தெருவைப் பார்த்துக்கிட்டு இருப்பேன்."

நாலாயிரத்து நூற்றெண்பதில் நானூற்றெண்பதைக் கழித்தார் லிட்டர். மூவாயிரத்து எழுநூறு. பத்து நாளுக்கு வகுத்தார்.

பேனா நின்றது.

காலையில் நாளுக்கு நானூற்றுப் பதினெட்டு என்று வந்தபோது அது வெறும் எண்ணாகத்தான் இருந்தது. மகனின் பங்கைக் கழித்த பிறகுதான் அதன் முகம் தெரிந்தது. நோட்டை முன்னால் புரட்டினார். ஒவ்வொரு மாதத்தின் அடியிலும் சராசரியைக் கட்டம் போட்டு எழுதுவது அவர் வழக்கம். போன மாதம் முந்நூற்று எழுபது. அதற்கு முந்தைய மாதம் முந்நூற்று எழுபத்தொன்று. அதற்கும் முன்னால் முந்நூற்று எழுபது.

"என்னங்க?"

"முந்நூத்தி எழுபது" என்றார். "இது நம்ம ரெண்டு பேரோட கணக்கு டீச்சர். உன் குளியல், என் குளியல், சமையல், துணி, செடி. நாம வீட்டுல இருந்தா ஒரு நாளைக்கு ஓடுற தண்ணி. பத்து நாளும் அதேதான் ஓடியிருக்கு."

டீச்சர் சிரிக்கப் பார்த்தாள். "அப்போ வேன்ல போனது யாரு?"

யாரும் சிரிக்கவில்லை.

மகன் மெதுவாகச் சொன்னான். "நான் வரும்போது குளியலறைத் தரை ஈரமா இருக்கும்பா. தினமும். குழாய் ஒழுகுதுன்னு நினைச்சேன். ஆனா சோப்பும் ஈரமா இருந்தது."

டீயின் மேல் ஆடை கட்டிவிட்டிருந்தது. மூவரும் அதை அப்படியே ஒரே மடக்கில் குடித்தார்கள். டீச்சர் மூன்று கோப்பைகளையும் கொண்டுபோய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டாள். எப்போதும் உடனே கழுவி விடுகிறவள், அன்று சமையலறையில் ஒரு நிமிடம்கூட நிற்காமல் திரும்பிவிட்டாள்.

மூன்று மணி.

"டாக்டர் வேண்டாம்பா. உங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்றான் மகன்.

"இரு. வால்வு திறந்து கிடந்ததுன்னு நீ சொல்ற. நாங்க கிளம்பினது காலை ஆறு மணி, நீ வந்தது ஒன்பது. மூணு மணி நேரம். நான் மூடினேன்னு சொல்றேன். நீ இப்போ பொய் சொல்ற மாதிரி தெரியல. அப்போ கோளாறு என் தலையிலதான் இருக்கணும்." லிட்டர் சட்டையை மாட்டிக்கொண்டார். "இருக்குன்னா அது எனக்குத் தெரிஞ்சாகணும். நடுக்கடல்ல போய் இவளுக்குத் தெரிய வேண்டாம். வா, போவோம்."

டீச்சர் எல்லாக் குழாய்களையும் மூடினாள். ஒவ்வொன்றையும் இரண்டு தரம். ஜன்னல்களைச் சாத்தினாள். வெளியே வந்து கதவைப் பூட்டி, திறந்து, மறுபடி பூட்டினாள். மகன் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

போகிற போக்கில், பழக்கதோஷத்தில், லிட்டர் மீட்டர் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

நட்சத்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் அவசரப்படவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் எப்போதும் சாத்திவைத்திருக்கும் காதுக்கம்பியை எடுத்தார். அது கைநீளத்துக்கு ஒரு இரும்புக் கம்பி. ஒரு முனையில் குமிழ் இருக்கும். காற்றைவிட இரும்பில் சத்தம் சுலபமாக நடக்கும். கம்பியைக் குழாயில் ஊன்றி, குமிழைக் காதுக்கு முன்னாலுள்ள எலும்பில் வைத்தால், வீட்டுக்குள் தண்ணீர் செய்வதெல்லாம் மண்டைக்குள் கேட்கும். கசிவென்றால் நிற்காமல் ஒரே சீறலாக இருக்கும். அதற்கு மூச்சு விடத் தெரியாது. மனிதக் கை திறக்கும் குழாய்க்கு மட்டும்தான் தொடக்கமும் முடிவும் உண்டு.

முழங்காலில் உட்கார்ந்து கேட்டார்.

தண்ணீர் ஓடியது. நின்றது. சின்ன இடைவெளிக்குப் பிறகு மறுபடி ஒரு பொட்டு ஓடி நின்றது.

அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கையில் சாவியோடு, இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். அவர் ஒன்றும் சொல்லாமல் கம்பியை மகனிடம் நீட்டினார். தான் சொன்னால் அது ஒரு மறதிக்காரன் பேச்சாகிவிடும். அவன் காதே கேட்கட்டும்.

மகன் குனிந்து கேட்டான். முதலில் முகத்தைச் சுளித்தான். பிறகு முகத்தில் ஒன்றுமே இல்லாமல் போயிற்று.

"சமையலறைக் குழாய்தானேப்பா?"

"சமையலறைதான். சத்தம் தடிப்பா இருக்கு பாரு."

"மூடிட்டுத் திறந்து மறுபடி மூடுறாங்க." அவன் அம்மாவை ஏறிட்டுப் பார்த்தான். பார்வை அவள் கையில் இருந்த சாவிக்குப் போயிற்று. "அப்பா, உங்க தலையில கோளாறு ஒண்ணும் இல்ல."

ராத்திரியிலிருந்து லிட்டர் கேட்கக் காத்திருந்த வார்த்தை அதுதான். கேட்டதும் கண் நிறைந்துவிட்டது. இப்படிக் கேட்க வேண்டியிருக்கும் என்று மட்டும் அவர் நினைத்திருக்கவில்லை.

"கொடு" என்று டீச்சர் கம்பியை வாங்கிக்கொண்டாள். புடவை மண்ணில் படுவதைக் கவனிக்காமல் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவள் உதடுகள் எண்ணின. ஒன்று. கொஞ்சம் பொறுத்து, இரண்டு.

"என்னம்மா எண்ணுறீங்க?"

"கப்பு" என்றாள் அவள். "இந்த வீட்டுல என்னைக்கும் ரெண்டு கப்புதான் கழுவ இருக்கும்."

லிட்டர் மீட்டரைப் பார்த்தார். நட்சத்திரம் நின்றது. மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். தெருவில் யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

நட்சத்திரம் மறுபடி சுற்றத் தொடங்கியது.

டீச்சர் கண்ணைத் திறந்து மகனைப் பார்த்தாள்.

"மூணு. இது உன்னோடது" என்றாள்.